மாதம்மாள் எட்டு போடுகிறாள்

கால் ஊன்றக் கூடாது, அவ்வளவுதான், பெரிய வித்தை ஒன்றுமில்லை, தரையில் சுண்ணாம்பால் போட்டிருக்கிற எட்டின் மேலேயே வண்டியை ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும், நடுவில் கால் ஊன்றக் கூடாது. எவ்வளவு பேர் போட்டிருக்கிறார்கள் இந்த எட்டை. எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் மகள் போட்டாள், அந்தப் பெண்ணுக்கு நேராக நடக்கவே வராது, வாசல்படியில் தினம் இடித்துக்கொள்வாள், அவளே போட்டாள். எங்கள் மையத்தில் கணக்கு பார்க்கும் ஷர்மிளா நிறைமாதக்காரியாக வந்து போட்டுவிட்டு, இறங்கி, இளநீர் குடித்துவிட்டுப் போனாள். மாதம்மாள் போட மாட்டாளா. போடுவாள். போன மாதம் போடவில்லை. போன மாதம் இரண்டாவது வளைவில் வண்டி சாய்ந்து காலை ஊன்றிவிட்டாள், ஊன்றியதோடு விட்டாளா, பிரேக் இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்து, "இந்த வளைவு தப்பாப் போட்டிருக்குது தோழர், இதுல யாரு வந்தாலும் விழுவாங்க, இதக் கேக்க ஆளில்லையா" என்றாள். வரிசையில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். வருஷக்கணக்காகக் காட்டில் துப்பாக்கியோடு திரிந்த ஒருத்தி, ஒரு மைதானத்தில், ஓர் அரசு அதிகாரியின் முன்னால், கூட்டத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் கைப்பையோடு நிற்கிறேன். கழுத்தில் தொங்குகிற அட்டையில் அம்சவேணி, ஒருங்கிணைப்பாளர், புதுவழி மறுவாழ்வு மையம் என்று போட்டிருக்கிறது. அட்டையைத் திருப்பிவிட்டுக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். சிரித்துவிட்டு, "அடுத்த மாசம் வாம்மா" என்றார். அடுத்த மாதம் வந்துவிட்டது. இன்றைக்குத்தான்.

இந்த வேப்பமரத்துக்கு யாரோ கிளை கழித்துவிட்டார்கள், நிழல் ஒரு பாய் அகலம்தான் இருக்கிறது, வெயில் நகர நகர நானும் கூடவே நகர்ந்துகொண்டிருக்கிறேன். மாதம்மாளுக்கு நிழல் வேண்டாம். வரிசையில் வெயிலில் நிற்கிறாள், அவளுக்கு முன்னால் காதில் கடுக்கன் போட்ட பையன்கள், அதற்கு முன்னால் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி ஓர் அம்மாள். நான் எடுத்துக் கொடுத்த பச்சைச் சுடிதார். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிறாள், தோட்டா பெல்ட் கட்டுகிற மாதிரி என்று நினைக்கிறேன், உடனே அப்படி நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன். எங்கள் இயக்குநர் ஜெபராஜ் பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார், பயனாளிகளைப் பழைய கண்ணால் பார்க்காதீர்கள் என்று. பயனாளி. அந்தச் சொல்லைக் கேட்ட அன்றைக்கே மாதம்மாள் கேட்டாள், "நான் இருக்கறதால உங்களுக்குச் சம்பளம் வருது. அப்ப யாருங்க பயனாளி?" ஜெபராஜ் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்து முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம், "இன்னும் நிறைய வேலை இருக்கு அம்சவேணி" என்றார். அவரை இயக்குநர் என்று கூப்பிடுகிறோம் என்பதே அவளுக்கு ஒரு சிரிப்பு. எங்களுக்கு இயக்கம் இருந்துச்சு, உங்களுக்கு இயக்குநர் இருக்காரு, எங்களுதே தேவலாம் போல என்பாள். அவர் கையில் எப்போதும் இருக்கும் அந்தக் குட்டி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொல்வாள்.

இங்கிரிட் அம்மாளிடம் நான் சொன்னது பொய்யா. அந்த நினைப்பு அடிக்கடி வந்து மாட்டிக்கொள்கிறது. எங்களுக்கு உதவும் வெளிநாட்டு அமைப்பிலிருந்து வந்திருந்தார், நல்ல உயரம், வெயிலில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது, மாதம்மாள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, உன் மனம் மாறிய அந்தத் தருணம் எது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மாதம்மாள் வாயை நன்றாகத் திறந்து, கன்னத்தை விரலால் இழுத்து, உள்ளே காட்டினாள். கடைவாய்ப் பல் இருந்த இடம். அதுதான் உண்மை. யாரும் அவளைச் சுற்றி வளைக்கவில்லை, அவளும் கொள்கையில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பல்வலி. மழைக்காலம் முழுக்கக் கிராம்பையும் புகையிலையையும் அடக்கிக்கொண்டு பார்த்திருக்கிறாள், முடியவில்லை, ஒரு காலை நேரம் மலையிலிருந்து இறங்கி, அடிவாரத்து அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு, பல் பிரிவில் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். முறை வந்ததும் டாக்டர் பெயர் கேட்டது, சின்னப் பெண் டாக்டர். வீட்டில் வைத்த பெயர் மாதம்மாள், இயக்கத்தில் வைத்த பெயர் கனல், இந்தக் காட்டிலிருந்து வருகிறேன், மொதல்ல பல்லப் புடுங்குங்க, அப்புறம் போலீஸக் கூப்புடுங்க என்றிருக்கிறாள். அந்த டாக்டருக்குக் கை நடுங்கியிருக்கிறது, ஆனால் சுத்தமாகப் பிடுங்கிவிட்டது. இன்னமும் சொல்வாள், "அந்தப் புள்ள கை தங்கம்." இதை எப்படி இங்கிரிட்டிடம் சொல்வது. எவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கிறார். நீண்ட நாளாக உள்ளே இருந்த ஒரு வலிதான் அவரை மாற்றியது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கிரிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் இல்லை, பல்லும் உள்ளேதானே இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டு, "தீவிரவாதிங்ககூடப் பழகி உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார்.

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. கடுக்கன் பையன் ஒருவன் கிளம்பினான், முதல் வளைவிலேயே கால். இன்ஸ்பெக்டர் கையை ஆட்டிவிட்டார். பார், அவனுக்கே வரவில்லை. இல்லை, அவனுக்கு வரவில்லை என்றால் இவளுக்கு எப்படி வரும் என்றல்லவா பயப்பட வேண்டும், எனக்கு ஏன் சந்தோஷம் வருகிறது. மாதம்மாள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். இவளைப் பார்த்தா பயந்தேன். வந்த புதிதில் மையத்தில் பெண்கள் தங்கும் அறையில் துணைக்கு நான்தான் படுக்க வேண்டியிருந்தது. கட்டில் கொடுத்தால் கட்டிலுக்கு அடியில் படுத்தாள், சுவரை ஒட்டி, முகம் கதவைப் பார்த்து. மின்விசிறியைப் போட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வாள், ஹெலிகாப்டர் சத்தம் மாதிரி இருக்கிறதாம். அணைத்தால் எனக்கு வேர்த்துக் கொட்டும். பயமும் சேர்ந்து வேர்க்கும். சமையலறைக் கத்தியை நான் ஒளித்து வைத்தேன், அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய சாக்குக்கு அடியில், யாருக்கும் தெரியாது என்று. மறுநாள் காலையில் பார்த்தால் அடுப்படியில் வெங்காயம் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருக்கிறது, உப்புமா தாளித்துக்கொண்டிருக்கிறாள். ஓடிப்போய் டிரம்முக்குப் பின்னால் பார்த்தேன், கத்தி சாக்குக்கு அடியில் அப்படியே இருந்தது. கழுவித் துடைத்து வைத்திருந்தாள். தினம் இதே நடந்தது. நான் இடத்தை மாற்றுவேன், அவள் எடுத்து நறுக்கிவிட்டு அதே இடத்தில் வைப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் நான் ஒளித்து வைக்க மறந்துவிட்டேன். அன்றைக்கு அவள் அடுப்படியில் நின்று, "கத்தி எங்கக்கா?" என்று கேட்டாள். மேடையிலேயே கிடந்தது. அவளுக்கு அங்கே தேடத் தோன்றவில்லை. அப்போது சிரித்தோம், இரண்டு பேரும், அடுப்பில் வறுபட்டுக்கொண்டிருந்த ரவை தீய்கிற வரைக்கும்.

அக்கா என்றாள். அதுதான் முதல் தடவை. அதுவரைக்கும் தோழர்தான், நான் தோழர், ஷர்மிளா தோழர், தண்ணீர் கேன் போட வருகிறவர் தோழர், ஜெபராஜைக்கூட ஒருநாள் தோழர் என்று கூப்பிட்டு அவர் திரும்பியும் பார்த்துவிட்டார். தோழர் என்று சொல்வது குறைய வேண்டும், குறைந்தால்தான் முன்னேற்றம் என்று அவர் சொல்லியிருந்தார். குறைந்தது. எனக்கு ஏனோ ஒரு மாதிரி இருந்தது. தோழர் என்று என்னை வேறு யார் கூப்பிடப்போகிறார்கள். அக்கா என்று கூப்பிட ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. மனநல ஆலோசகர் ஒருவர் பட்டணத்திலிருந்து வந்து அவளிடம் கேட்டார், யாரையாவது அடிக்க வேண்டும், ஒழிக்க வேண்டும் என்று நினைப்பு வருகிறதா, வந்தால் எப்போதாவதா, அடிக்கடியா. மாதம்மாள் யோசித்தாள். "முன்ன வரும். இப்ப வேல செஞ்ச அசதியில வர்றதில்ல." என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு வருமாக்கா?" என்றாள். நான் ஜெபராஜின் குட்டி மின்விசிறியை நினைத்துக்கொண்டேன். எப்போதாவது என்று சொன்னேன். ஆலோசகர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு படுக்கை ஒதுக்கிவிடுவார் போல இருந்தது.

ஏட்டு நஞ்சுண்டன் வண்டிச் சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார், காற்று சரியாகத்தான் இருக்கிறது, காலையிலிருந்து அமுக்கிக்கொண்டிருக்கிறார். வண்டி அவருடைய சம்சாரத்தினுடையது, ஊதா நிற ஸ்கூட்டர், முன்னால் முருகன் படம், பின்னால் பெரிதாக ஓர் எல். ஏட்டுக்கு வேலை மாதம்மாளைக் கண்காணிப்பது. எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மையத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவருக்கே அலுத்துவிட்டது, கடைசியில் காளான் வளர்ப்பு வகுப்பிலும் வந்து உட்கார்ந்துவிட்டார், எங்கள் ஆட்களைவிட நன்றாகக் காளான் வளர்த்தார். ஒரு காலத்தில் அதே காட்டில் இவளைத் தேடி அலைந்த படையில் இருந்தவர். அது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது மாதம்மாள், "ஏட்டய்யா, நீங்க ஓடைப் பாறைமேல ஒக்காந்து பாட்டு பாடுனீங்க, காலுல அட்டையப் புடுங்கிக்கினே" என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீ பாத்தியா?" "மேல படுத்துக்கினு இருந்தேன்." "துப்பாக்கி?" "இருந்துச்சு." ஏட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏன் சுடல?" என்று கேட்டார். "பாட்டு முடியட்டும்னு இருந்தேன். நீங்க எங்க முடிச்சீங்க, மறுக்கா மறுக்கா மொதல்லருந்து பாடுனீங்க. அதுக்குள்ள உங்க ஆளுங்க வந்துட்டாங்க." அவர் எழுந்து போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் இந்த ஊதா வண்டியோடு வந்து நின்றார். "வா மாதம்மா, வண்டி கத்துக்கோ." அதற்குமேல் அந்த விஷயத்தைப் பேசவில்லை. சந்தைத் திடலில் கல் வைத்து எட்டு போட்டு, பின்னாலேயே ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்தார். ஏட்டு எட்டு சொல்லிக்கொடுக்கிறார் என்று ஷர்மிளா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அவர் இப்போதெல்லாம் பாடுவதே இல்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

வண்டி எதற்கு. பாலுக்கு. மலையடிவாரத்துக் கிராமங்களில் பால் எடுத்துக்கொண்டு வந்து சங்கத்தில் ஊற்ற ஆள் வேண்டும், லைசென்ஸ் இருந்தால் இவளைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சங்கத் தலைவர் சொல்லியிருக்கிறார், இந்த வாரம்வரைதான் காத்திருப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். தையல் வேண்டாம் என்றாள், காளான் வேண்டாம் என்றாள், கேக் போடும் வகுப்பில் மாவு பிசைந்துகொண்டே முதலாளியின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள், கேக் எழும்பவே இல்லை. பால் என்றதும் மட்டும் உடனே சரி என்றாள். ஏன் என்று ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். அந்த வழியில் பவுனுவின் வீடு இருக்கிறது. பவுனு இவளோடு காட்டில் இருந்தவள். காய்ச்சலில் போய்விட்டாள், மருந்து வருவதற்குள். இவள்தான் தோண்டினாள், கையாலும் தட்டாலும், மழையில், தோண்டத் தோண்டக் குழி தண்ணீரால் நிறைந்துகொண்டே இருந்ததாம். பவுனுவின் அம்மாவுக்குத் தெரியாது, மகள் என்றைக்காவது வருவாள் என்று இருக்கிறது. "நேராப் போயி சொல்ல எனக்குத் தகிரியம் இல்லக்கா. தெனமும் பால் எடுக்கப் போனா, இன்னைக்கு இல்லன்னாலும் ஒருநாள் வாயில வந்துரும்ல." அவள் அதைச் சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டிருந்தாள். படித்தது, பயிற்சி எடுத்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அரிசியை வாங்கி உலையில் போட்டேன்.

அதனால்தான் கால் ஊன்றக் கூடாது. இன்னும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். மைதானத்து இரும்புக் கேட் ஏன் இப்படி ஆவென்று திறந்து கிடக்கிறது, யாராவது சாத்தினால் என்ன. கேட்டுக்கு வெளியே சாலை, சாலை நேராகப் போனால் மலை, இங்கிருந்தே தெரிகிறது, வெயிலில் புகை மாதிரி. ஜெபராஜ் காலையில் கேட்டார், வண்டியில் ஏறி அப்படியே போய்விட்டால் என்ன செய்வாய் என்று. நான், போகமாட்டாள் சார் என்றேன். கோபாலையும் அப்படித்தான் சொன்னேன். கோபால் எங்கள் மையத்தில் தங்கியிருந்தவன், போன வருஷம் காளான் விதை வாங்கப் போகிறேன் என்று போனவன் வரவில்லை. ஜீப் ஜீப்பாகப் போலீஸ், மோப்ப நாய் வந்து என் செருப்பையே முகர்ந்தது, காட்டுக்குத் திரும்பிவிட்டான் என்று பத்திரிகையில் வந்துவிட்டது. கடைசியில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஓவர்டைமாம், போன் பண்ண நேரமில்லையாம், அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணமும் பண்ணிக்கொண்டுவிட்டான். இது நமக்கு வெற்றியா தோல்வியா என்று ஜெபராஜ் ஒரு வாரம் யோசித்தார். வெற்றிதான் சார், மறுவாழ்வு என்றால் நம்மை மறந்துவிடுவதுதானே என்றேன். அப்போது தைரியமாகச் சொன்னேன். இப்போது அந்தக் கேட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இவள் மறந்துவிட்டால் எனக்கு என்ன ஆகும். சே, என்ன நினைப்பு இது.

மாதம்மாள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வண்டியில் ஏறினாள். ஏட்டு பக்கத்தில் குனிந்து, "சக்கரத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு" என்றார். அவள் தலையாட்டினாள். கிளம்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், மூடினால் விழுந்துவிடுவாள் என்று தோன்றித் திறந்துகொண்டேன். முதல் வளைவு. ஸ்கூட்டர் மெதுவாகச் சாய்கிறது, முட்டி வெளியே வருகிறது, உள்ளே வை, முட்டியை உள்ளே வை, வைத்துவிட்டாள். நடுவில் கோடும் கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தைத் தாண்டினாள். இரண்டாவது வளைவு, போன மாதம் விழுந்த வளைவு, இவள் சொன்னது சரிதான், அது கொஞ்சம் குறுகலாகத்தான் இருக்கிறது, வண்டி தள்ளாடுகிறது, இடது கால் பலகையை விட்டு எழும்புகிறது, வேண்டாம் மாதம்மா, கால் காற்றிலேயே ஒரு கணம் நின்றது, திரும்பப் பலகைக்குப் போய்விட்டது. வளைந்துவிட்டாள். எட்டு முடிந்துவிட்டது. கால் ஊன்றவில்லை. கடுக்கன் பையன்கள் விசில் அடித்தார்கள், நான் கைப்பையைக் கீழே போட்டுவிட்டேன், எடுக்கக் குனிந்தேன், நிமிர்ந்தபோது அவள் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய கோட்டைத் தாண்டிவிட்டாள். இன்ஸ்பெக்டரைத் தாண்டிவிட்டாள். கேட்டுக்குள் புகுந்து, வெளியே, சாலையில், ஊதா நிறம், மலைப் பக்கம்.

போய்விட்டாள், போயே போய்விட்டாள், ஏட்டு ஓடுகிறார், தொப்பையைப் பிடித்துக்கொண்டு "ஏ மாதம்மா, ஏ மாதம்மா" என்று கேட்டைத் தாண்டி ஓடுகிறார், நான் ஏன் ஓடவில்லை, கால் எழும்பவில்லை, ஜெபராஜ் என்ன சொல்வார், மோப்ப நாய் மறுபடியும் வரும், என் செருப்பை முகரும், இங்கிரிட் அழுவார், பால் சங்கத் தலைவர் அப்பவே நெனச்சேன் என்பார், என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் தோசை வார்த்துக் கொடுப்பார், அதுதான் தாங்காது, அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், காடு காலி, எல்லாரும் இறங்கிவிட்டார்கள் இல்லையென்றால் செத்துவிட்டார்கள், தனியாக அங்கே போய் என்ன செய்வாள், பச்சைச் சுடிதாரில், பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, ஏட்டின் சம்சாரம் கேட்டால் என்ன சொல்வார், மழையில் தோண்டுகிறாள் தோண்டுகிறாள் தண்ணீர் நிறைகிறது, கட்டிலுக்கு அடியில் இனி யார் படுப்பார்கள், போகிறாள் என்றால் போகட்டும், நன்றாக இருக்கட்டும், சாப்பிட்டாளா காலையில், சாப்பிட்டாள், இரண்டு இட்லி, ஒன்று எனக்கு வைத்தாள், இது என்ன, எனக்கு அழுகை வரவில்லை, வேறு என்னவோ வருகிறது, எவ்வளவு அழகாகப் போனாள், கையை எவ்வளவு லேசாக வைத்திருந்தாள், இவ்வளவு நாளில் அவள் முதுகு அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

சத்தம்தான் முதலில் வந்தது. ஸ்கூட்டர் சத்தம். அப்புறம் ஊதா. கேட்டுக்கு வெளியே நின்று, வலது பக்க விளக்கு மினுக் மினுக்கென்று எரிய, ஒரு தக்காளி லாரிக்கு வழி விட்டு, அப்புறம் மெதுவாக உள்ளே திரும்பினாள். கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டுத்தான் காலை ஊன்றினாள். பின்னாலேயே ஏட்டு ஓடிவந்தார், சட்டை முழுக்க நனைந்திருந்தது. நான் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "எங்க போன?" என்றேன்.

"எங்கயும் இல்லக்கா. ஒரு மாசமா எட்டே போட்டுக்கினு இருக்கேன், வளைஞ்சி வளைஞ்சி அதே எடத்துக்குத்தான் வருது. இது நேராப் போவுமான்னு ஒருவாட்டி பாக்கலாம்னு போனேன்."

"போச்சா?"

"போச்சுக்கா. நல்லாப் போச்சு." சிரித்தாள். மேல் வரிசைப் பல் எல்லாம் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "எல் போர்டு போட்டுக்கிட்டு தனியா ரோட்டுல போகக் கூடாது. லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க ஒருத்தர் பின்னாடி இருக்கணும். தெரியுமா தெரியாதா?" மாதம்மாள் வாயைத் திறந்தாள். சட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, கையை அமுக்கினேன். அதற்குள் ஏட்டு முன்னால் வந்து விறைப்பாக நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் பின்னாடி இருந்தேன் சார்" என்றார்.

"நீங்களா? எங்க இருந்தீங்க?"

"ஓடிக்கிட்டு இருந்தேன் சார்."

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், மாதம்மாளைப் பார்த்தார், என் அட்டையைப் படித்தார், நான் இந்தத் தடவை திருப்பவில்லை. குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எட்டு சுத்தமா இருந்துச்சு. நேராவும் போகத் தெரியுதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. பாஸ். போங்க." மாதம்மாள் அப்படியே நின்றாள். "பாஸுங்களா?" என்றாள். "பாஸ்தான்மா." வண்டியை ஏட்டிடம் கொடுத்துவிட்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். எந்தத் துப்பாக்கிச் சத்தத்துக்கும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள். "நான் எதுலயுமே பாஸானது இல்லக்கா" என்று கீழேயிருந்து சொன்னாள். நானும் உட்கார்ந்தேன். மண் சுட்டது. சுடட்டும்.

கேட்டுக்கு எதிரே கரும்புச்சாறு வண்டி. ஏட்டு வாங்கிக் கொடுத்தார், மூன்று பேரும் நின்றுகொண்டு குடிக்கிறோம். அவர் சம்சாரத்துக்குப் போன் போட்டு, "உன் வண்டி பாஸாயிடுச்சு" என்கிறார். மாதம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரமாக எதையோ சொல்ல யோசிக்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். எனக்கு மறுபடியும் லேசாகப் பயம். "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்கிறாள். "திங்கக்கெழமையிலருந்து விடியறதுக்குள்ள பால் எடுக்கப் போவணும். சாயங்காலமும் ஒரு நடை இருக்குது. இனிமே உங்க கவுன்சிலிங்குக்கெல்லாம் எனக்கு நேரமில்ல."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் மையத்து அடுப்படிக்கு வாங்க. களியும் கோழிக் கொழம்பும் ஆக்கி வெக்கறேன். அப்ப என்ன கேக்கணுமோ கேளுங்க." யோசித்துவிட்டு, "வெறுங்கையோட வாங்க. அந்த நோட்டு, பேனாவெல்லாம் வேணாம்" என்கிறாள்.

சரி என்கிறேன். கடைக்காரர் கரும்பை மடித்து மறுபடியும் உருளைக்குள் கொடுக்கிறார், சக்கரத்தில் கட்டியிருக்கிற சலங்கை குலுங்குகிறது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மண்டைக்குள் எதுவும் ஓடவில்லை. இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.